ஒரே பிற்பகலில் அம்பத்தூரும் திருவான்மியூரும்: கடற்காற்று, ஏரி, சதுப்பு, பாறை பற்றிய விவாத இழை

அம்பத்தூர் மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம், இரண்டடுக்குத் தனி வீட்டின் மேல் தளத்தில் இருக்கிறது. என் அக்கா திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் குடியிருக்கிறார். கத்திரி வெயில் நாட்களில் நண்பகலுக்குப் பின் நாங்கள் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டால், ஒரே ஊரில்தான் இருக்கிறோமா என்ற ஐயமே வந்துவிடும். அங்கே ஒரு மணிக்கெல்லாம் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது. இங்கே மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டி மூன்றரை, நான்கு மணி வரை கிழக்குப் பக்கமாகவே பறக்கிறது. பிறகு சிறிது நேரம் அசைவில்லாமல் தொங்குகிறது. அதன் பின் மெல்லத் திரும்பி மேற்குப் பக்கமாகப் பறக்கத் தொடங்கிய பிறகே அறைக்குள் உட்கார முடிகிறது. தை மாத விடியற்காலையில் நிலைமை தலைகீழ். எங்களுக்குப் போர்வை தேவைப்படும்போது அக்கா வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. வெயில் காலத்தில் அவருக்கு உறக்கம் கெட்டு, நீர்ச்சத்துக் குறைந்து, மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தது. எனவே வீடு மாற்றலாமா என்று யோசிக்கிறோம். போரூர் ஏரிக்கு அருகே ஒரு வீடு பார்த்தோம்; ஏரிக் காற்று வரும், குளுகுளுவென்று இருக்கும் என்று தரகர் உறுதியாகச் சொல்கிறார். ஏரியோ சதுப்போ அருகில் இருந்தால் உண்மையிலேயே வெப்பம் குறையுமா? எவ்வளவு தொலைவுக்குக் குறையும்? இதை அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருவான்மியூர் கடற்கரைவாசி

உங்கள் வேட்டி திசை மாறும் அந்த நேரம்தான் இந்த நகரத்தின் கோடையைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏரி, மரம், குன்று எல்லாம் அதற்கு அடுத்தவையே.

காலையில் வெயில் ஏற ஏறத் தரை விரைவாகச் சூடாகிறது. கடல் அவ்வாறு சூடாவதில்லை; நீரின் வெப்பக் கொள்ளளவு காய்ந்த மண்ணைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பதோடு, கடலில் விழும் வெயில் ஆழத்துக்குப் பரவி அலைகளால் கலக்கப்பட்டும் விடுகிறது. மே மாதத்தில் வங்கக்கடலின் மேற்பரப்பு இரவும் பகலும் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும்போது, உள்நாட்டுத் தரைக்கு மேலுள்ள காற்று 38, 40 என்று ஏறிவிடுகிறது. சூடான காற்று விரிந்து மேலெழுவதால் நிலத்தின் மேல் அழுத்தம் சற்றே குறைகிறது. கடலின் மேலுள்ள கனமான காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. இதுதான் கடற்காற்று. சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை தடிமனுள்ள ஒரு காற்றுப் படலம் கரையிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்து வருகிறது என்று கொள்ளலாம். அதற்கு முன்விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உங்கள் தெருவைக் கடந்த சில நிமிடங்களில் வெப்பநிலை மூன்று, நான்கு டிகிரி சரிவதும், ஈரப்பதம் ஏறுவதும், காற்றின் திசை மாறுவதும் ஒன்றாகவே நிகழும்.

அம்பத்தூர் கடலிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. எதிர்க்காற்று இல்லாத நாளில் அந்தத் தொலைவைக் கடக்க ஒன்று, இரண்டு மணி நேரம் போதும். ஆனால் மே கடைசியிலும் ஆனி மாதத்திலும் எதிர்க்காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி அளவில் சூடாகி, காய்ந்த உள்மாவட்டங்களைக் கடந்து மேல்காற்றாக, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றாக, நம்மிடம் வந்து சேர்கிறது. அது வலுவாக வீசும் நாளில் கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். கத்திரி முடிந்த பிறகும் ஜூன் மாதத்தில் வெயில் தணியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாயிற்று. அந்த அளவுக்கு இங்கே வெப்பம் ஏற வேண்டுமானால், கடலின் தலையீடு இல்லாமல் மேல்காற்று பிற்பகல் வரை நகரத்தை ஆண்டிருக்க வேண்டும்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்தது, விமானங்கள் காற்றை எதிர்த்தே தரையிறங்க விரும்பும். எனவே மேல்காற்று வலுத்திருக்கும்போது அவை பெரும்பாலும் அடையாறு, கிண்டிப் பக்கமிருந்து தாழ்ந்து வரும். கடற்காற்று நிலைத்துவிட்டால் அனகாபுத்தூர், பம்மல் பக்கமிருந்து வரும். வானத்தைப் பார்த்தே காற்று எங்கே நிற்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முன்னாள் பார்வையாளர்

நான் வானிலை நிலையமொன்றில் பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலே எழுதப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் விவாதம் நீளுமுன் அளவீடு பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இத்தகைய பேச்சுகளில் பாதிச் சச்சரவு வெப்பமானியை எங்கே வைத்தார்கள் என்பதிலிருந்தே பிறக்கிறது.

நாங்கள் பார்த்த வெப்பமானிகள் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். நான்கு பக்கமும் சாய்சட்டங்கள் வைத்திருப்பதால் காற்று புகும், வெயில் புகாது. குமிழ் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், புல்தரைக்கு மேல், கட்டடங்களிலிருந்து விலகி இருக்க வேண்டும். காலை எட்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்ததும், உடலின் சூடு படுவதற்கு முன்பாக, காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சாதாரண வெப்பமானியான உலர்குமிழை முதலில் படித்துவிடுவோம். அதன் பக்கத்திலேயே ஈரக்குமிழ். அதைச் சுற்றிய மெல்லிய மஸ்லின் துணியிலிருந்து ஒரு திரி கீழே சிறு புட்டியிலுள்ள வடிநீரில் இறங்கியிருக்கும். அந்தத் துணியில் உப்போ தூசோ படிந்தால் அளவு பிழையாகும் என்பதால், கடலோர நிலையங்களில் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். மாலை ஐந்தரைக்கும் இதே வேலை. இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் காற்றை அளக்க வேண்டும், வெயிலை அளக்கக் கூடாது என்ற விதி மாறவில்லை. காரின் திரையில் 43 என்று காட்டுவதும், மொட்டைமாடிச் சுவரில் மாட்டிய கருவி 46 காட்டுவதும் தாருக்கும் சிமெண்டுக்கும் உரிய சூடே தவிர, ஊரின் வெப்பநிலை அல்ல.

சென்னையில் இந்தப் பணிக்கு நீண்ட மரபு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் 1792ஆம் ஆண்டு எழுந்தது. அங்கே 1796 முதலே வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. இன்று நகரத்துக்கென்று செய்திகளில் சொல்லப்படும் இரண்டு எண்கள் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும்தான். முன்னது கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் அளவிலும், பின்னது பத்துக் கிலோமீட்டரை ஒட்டியும் உள்ளன. கடற்காற்று முன்னதை முதலில் தொட்டுவிடுவதால், பெரும்பாலான கோடை நாட்களில் மீனம்பாக்கத்தின் உச்சமே கூடுதலாக இருக்கும். குளிர்கால இரவில் திறந்தவெளி அதிகமுள்ள மீனம்பாக்கம் சற்றுக் கூடுதலாகக் குளிரும். ஆறு கிலோமீட்டர் இடைவெளிக்கே இந்த வேறுபாடு என்றால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் தங்கள் தெருவின் வெயிலை இந்த இரு எண்களில் தேடுவதில் பொருளில்லை.

கடலோர நிலையங்களுக்கு வெப்ப அலையின் வரையறையே வேறு என்பதையும் கவனியுங்கள். சமவெளியில் உச்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் இருந்தாலே போதும். ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் குறைந்த எண்ணே கூடுதலாக வருத்தும் என்பதை அறிந்து வகுத்த விதி அது.

காசிமேட்டுப் பேரன்

என் தாத்தா காலத்தில் கடலுக்குப் போகும் நேரத்தையே இந்தக் காற்றுகள்தான் முடிவு செய்தன. இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிர்வதால் காற்றோட்டம் திரும்பி, விடியலுக்கு முன் கரைக்காற்று கடல் நோக்கி வீசும். பாய் விரித்தால் கட்டுமரம் உள்ளே போய்விடும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்ததும் அதே பாய் கரை சேர்த்துவிடும். பகல் முழுவதும் மேல்காற்று விடாமல் அடித்தால் வீடு திரும்பத் துடுப்பு வலிக்க வேண்டும் என்பதால், காற்று எப்போது மாறும் என்ற கணிப்பு எங்கள் வீடுகளில் சோற்றுக்கான கணக்காகவே இருந்தது.

ஒன்றை இங்கே சேர்க்க விரும்புகிறேன். கடல் எப்போதும் 30 டிகிரியில் நிற்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கரையை ஒட்டிப் பல நாட்கள் காற்று வீசினால், பூமியின் சுழற்சி காரணமாக மேல்நீர் கரையை விட்டுக் கிழக்கே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கால் நனைத்தாலே வேறுபாடு தெரியும். அத்தகைய நாட்களில் கடற்காற்று நுழைந்தால் கரையோரத் தெருக்களுக்குக் கிடைக்கும் இதமே தனி.

அம்பத்தூர் மாடிவீடு

மிகவும் பயனுள்ள விளக்கங்கள், நன்றி. ஏரியைப் பற்றிய என் கேள்வி இன்னும் நிற்கிறது. கடல் இவ்வளவு செய்கிறதென்றால் போரூர் ஏரியும் சிறிய அளவில் அதையே செய்ய வேண்டுமல்லவா?

துரைப்பாக்கத்துக்காரி

சகோதரரே, பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவள் என்ற முறையில் இதற்கு நானே பதில் எழுதுகிறேன். ஏரி கடல் அல்ல. ஏரிக் காற்று என்று தனியாக ஒரு காற்றோட்டம் உருவாவதற்கு மிகப் பரந்த நீர்ப்பரப்பு வேண்டும். போரூர் ஏரி அளவுக்கு அது நிகழ்வதாக எதிர்பார்க்க வேண்டாம். ஏரி செய்வது வேறு. ஏற்கெனவே வீசும் காற்று நீரின் மேல் தவழ்ந்து வரும்போது நீர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும், அதை நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்று சற்றுக் குளிர்ந்து, கூடவே ஈரமாகி மறுகரைக்குப் போகிறது. அந்தக் குளிர்ச்சி சில நூறு மீட்டருக்குள் தெருச்சூட்டில் கரைந்துவிடும். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏரிக்கு எந்தக் கரையில் வீடு என்பதே. மேல்காற்று வீசும் கொடிய பிற்பகலில் பயன்பெறுவது கிழக்குக் கரை. கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வந்த பிறகு பயன்பெறுவது வடமேற்குக் கரை. மற்றவர்களுக்கு ஏரி ஒரு காட்சி மட்டுமே.

இரண்டாவது கேள்வி, உங்களுக்குத் தேவைப்படும் மாதத்தில் அந்த ஏரியில் நீர் இருக்குமா என்பது. 2019 ஜூன் மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோய், அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெடித்துக் காய்ந்த ஏரிப்படுகையில் ஆவியாக ஏதுமில்லை. அது வெறும் கட்டாந்தரையைப் போலவே சூடாகிறது. அதாவது வெயில் மிகக் கொடுமையாக இருக்கும் ஆண்டிலேயே ஏரி கைவிடுகிறது.

மூன்றாவது, இரவு. நீர் மெதுவாகச் சூடாவதைப் போலவே மெதுவாகத்தான் குளிரும். இரவு பதினோரு மணிக்கு நீர்விளிம்பில் காற்று இதமாக இருக்கும் என்று எண்ணுவோர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். மே மாத இரவில் காற்று நின்றுவிட்டால் சதுப்பின் பக்கமுள்ள ஜன்னலைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். குளிர்சாதன அறையின் கண்ணாடியில் வெளிப்புறமாக நீர்த்துளி கோத்து வழியும். துவைத்த துணி விடிந்தும் ஈரமாகவே இருக்கும்.

இதற்கு அளவுகோல் ஈரக்குமிழ் வெப்பநிலை. மேலே ஐயா சொன்ன அந்த மஸ்லின் துணிக் குமிழ்தான். வியர்வை ஆவியாகி உடல் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டுகிறது. 39 டிகிரியும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உலர்ந்த பிற்பகலில் ஈரக்குமிழ் 25 அளவில்தான் இருக்கும். 34 டிகிரியும் 65 விழுக்காடும் உள்ள கடலோர மாலையில் அது 28ஐத் தாண்டிவிடும். நிழலில் அமர்ந்து காற்று வாங்க முடிந்தால் முதலாவதை வயதானவர்கள் ஓரளவு தாங்குகிறார்கள். காற்று நின்றுபோன இரண்டாவது நிலையை எளிதில் தாங்குவதில்லை. வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து வீடு மாற்ற வேண்டாம் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சதுப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணையில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பிறகாவது அது காக்கப்பட வேண்டும். அது மறைந்து அங்கே தாரும் சிமெண்டும் வந்தால், பகலில் ஆவியாதலில் செலவாகும் வெப்பம் முழுவதும் எங்கள் சுவர்களுக்கு வந்து சேரும்; மழைக்காலத்தில் வெள்ளமும் வீட்டுக்குள் வரும்.

வேளச்சேரி வாசகி

கடற்கரைவாசி ஒன்றை விட்டுவிட்டார். கடற்காற்று இப்போது பழையபடி உள்ளே வருவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் எழுந்த கண்ணாடிக் கோபுரங்கள் அதை மறித்துவிட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் மாலை நான்கு மணிக்குத் திண்ணையில் உட்கார முடிந்தது, இன்று முடியவில்லை. இது எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வது.

திருவான்மியூர் கடற்கரைவாசி

அம்மா, உங்கள் தெருவில் காற்று குறைந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோபுரங்கள் கடற்காற்றை மறித்துவிட்டன என்பதை ஏற்கத் தயங்குகிறேன். கடற்காற்றுப் படலம் பல நூறு மீட்டர் தடிமனுள்ளது. ஐம்பது, அறுபது மீட்டர்க் கட்டடங்கள் அதன் அடிப்பகுதியை மட்டுமே கீறுகின்றன. அது அவற்றைத் தாண்டியும் இடையில் புகுந்தும் மேற்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அம்பத்தூரில் வேட்டி திசை மாறுவதே அதற்குச் சான்று.

மாறியிருப்பது தெருமட்டம். கட்டடங்கள் நெருங்கி, மதில்கள் உயர்ந்து, வீடுகளுக்கு நடுவே இருந்த காலி மனைகள் மறைந்த பிறகு, ஆளுயரத்தில் காற்றின் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. கிழக்கு மேற்காக ஓடும் அகலமான சாலையில் நின்றால் காற்று முகத்தில் அடிக்கும். அதற்குக் குறுக்கே வடக்குத் தெற்காகச் செல்லும் சந்துக்குள் திரும்பினால் நின்றுவிடும். தியாகராய நகரில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். இதோடு, ஒவ்வொரு வீட்டின் குளிர்சாதனக் கருவியும் உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தையும் தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் அந்தச் சந்துக்குள்தான் கொட்டுகிறது.

வேளச்சேரி வாசகி

தெருமட்டம், மேல்மட்டம் என்று நீங்கள் பிரித்துச் சொன்னது ஏற்கத்தக்கதே. திண்ணையில் உட்காருகிறவருக்குத் தெருமட்டமே முழு உலகம் என்பதையும் நகரமைப்புக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கடலுக்கு நேரான சாலைகளை ஒட்டிய இடைவெளிகளையாவது கட்டிடமின்றி விட்டுவைக்கலாம்.

பல்லாவரம் கல்மலை

குன்றுகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று நீளும் இந்த மலைகளால் குளிர்ச்சி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உயரத்துக்கேற்ற குளிர்ச்சி என்பது கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி; பரங்கிமலை நூறு மீட்டருக்குள்தான். அரை டிகிரிக்காக யாரும் படியேற வேண்டியதில்லை. உச்சியில் கிடைக்கும் இதம் தடையில்லாத காற்றால் வருவது.

பாறை செய்வது இரவில் தெரியும். இங்குள்ள கல் சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பகுதியிலிருந்து போனது என்பதால், நிலவியலாளர் டி. எச். ஹாலண்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பெயரைச் சூட்டினார். கருத்த, இறுகிய கல். கல்குவாரிகளால் மேல்மண்ணும் புதரும் போன பிறகு, திறந்து கிடக்கும் பாறைமுகம் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. மேற்குப் பார்த்த குவாரிச் சுவருக்கு அருகே இரவு எட்டு மணிக்கு நின்றால் கன்னத்தில் அனல் படும். அங்கே காற்றை அளந்தால் அவ்வளவு சூடு இருக்காது, பாறையின் வெப்பக்கதிரே நேராக நம்மைச் சுடுகிறது.

அம்பத்தூர் நண்பரே, உங்கள் கூரையும் அப்படிப்பட்ட பாறைதான். கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு பிற்பகலில் உச்ச சூட்டை அடைந்தாலும், அந்தச் சூடு தளத்தின் தடிமனைக் கடந்து உட்கூரைக்கு வரச் சில மணி நேரம் ஆகிறது. அதனால்தான் வெளியே கடற்காற்று வந்து தணிந்த பிறகும், இரவு ஒன்பது மணிக்குக் கட்டிலில் படுத்தால் மேலிருந்து வெப்பம் இறங்குகிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த கூரையும் உயர்ந்த உட்கூரையும் இருந்ததால் இந்த வேதனை குறைவு. இப்போதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்து, அதன் மேல் ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வேறுபாடு கையால் தொட்டே தெரியும். வீடு மாற்றுவதைவிட இது மலிவு. உங்கள் அப்பாவைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமானால் அது இன்னும் மலிவு.

மரங்களையும் சொல்லிவிடுகிறேன். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் அதையும் அடுத்துள்ள ஐ.ஐ.டி. வளாகத்தையும் ஒட்டிச் செல்லும் சாலையில் இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்குக் காற்று மாறுவது உடனே தெரியும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று நகரெங்கும் மரங்களைச் சாய்த்த பிறகு, நிழல் இழந்த தெருக்கள் அடுத்த கோடையில் என்ன பாடுபட்டன என்பது அங்கே நடந்து சென்றவர்களுக்குத் தெரியும்.

புழல் கரை

குளிர்காலம் பற்றி முதல் பதிவில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மார்கழி முடிந்து வாடை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு வீசி விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, தாழ்வான இடங்களில் தேங்குகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்ற தலைகீழ் அமைப்பு அது. வயலும் காலி நிலமும் மிச்சமுள்ள ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கங்களில் இது தடையின்றி நடக்கும். மாம்பலத்தில் சுவர்கள் பகல் சூட்டை இரவெல்லாம் கசியவிடுவதால் நடக்காது. கடற்கரையிலோ 26, 27 டிகிரியிலுள்ள கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று அவ்வளவு குளிர்வதில்லை. அக்கா வீட்டில் மின்விசிறி ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

போகியன்று விடியற்காலையில் புகை எழும்பாமல் தெருவிலேயே படிந்து நிற்பதும் இதே தலைகீழ் அமைப்பால்தான். 2018 போகியில் விமானங்கள் வந்திறங்க முடியாமல் தவித்தன. எரித்தது கூடுதலா குறைவா என்பதோடு, அன்றிரவு காற்று அடங்கியிருந்ததா என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கிறது.

எங்கள் ஏரிக்கரையில் இந்த மாதங்களில் நடப்பதைப் பாருங்கள்: நீர் நிறைந்திருந்தால் கரையை ஒட்டிய வீடுகள் குறைவாகக் குளிர்கின்றன, அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள தெருக்கள் கூடுதலாகக் குளிர்கின்றன. நீர் பகலின் உச்சத்தையும் இரவின் தாழ்வையும் ஒருசேர மழுங்கடிக்கிறது.

முன்னாள் பார்வையாளர்

மேற்குப் புறநகருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு நன்மையையும் எழுதிவிடுகிறேன். இல்லையெனில் அம்பத்தூருக்கு நீதி செய்ததாகாது. மேல்காற்றும் கடற்காற்றும் மோதும் விளிம்பில் காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டுமே. ஈரம் நிறைந்த கடற்காற்று அங்கே தூக்கி எறியப்பட்டு, மேலே சூழல் ஒத்துழைத்தால் மாலைக்குள் இடிமேகமாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், ஆவடிப் பக்கங்களில் இரவில் கொட்டும் மழை பல நேரங்களில் இப்படிப் பிறந்ததே. மேகத்திலிருந்து சரியும் குளிர்ந்த காற்று தரையில் பரவும்போது வெப்பநிலை சில நிமிடங்களில் எட்டு, பத்து டிகிரி கூட இறங்கும். மெரினாவில் ஒரு துளியும் விழாமலிருக்கும்.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உலர்குமிழும் ஈரக்குமிழும் சேர்ந்த சிறு கருவி அறிவியல் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பார்க்கும் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும், படுக்கையறையின் நடுவில், சுவரைத் தொடாமல் அதைத் தொங்கவிட்டுப் படியுங்கள். அதே நாளில் உங்கள் வீட்டிலும் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். இரவு பத்து மணியின் ஈரக்குமிழுக்கே கூடுதல் மதிப்புக் கொடுங்கள். பகலில் ஓரளவு தாங்கிய உடல் இரவில் மீள முடியாமல் போவதே வயதானவர்களுக்கு ஆபத்து.

அம்பத்தூர் மாடிவீடு

அனைவருக்கும் என் உள்ளார்ந்த நன்றி. போரூர் வீடு ஏரிக்குத் தெற்கே, நான்காவது மாடி, மேலே வெறும் தளம், அதை விட்டுவிடுகிறோம். கீழ்த்தளத்தில் குடியிருப்போரிடம் பேசி, சித்திரை முதல் ஆனி வரை அப்பாவுக்கு அங்கே ஓர் அறை கேட்கப் போகிறேன். கூரைக்குத் தட்டோடும் சுண்ணாம்பும் இந்தப் பங்குனிக்குள் முடித்துவிடுவோம். மேல்காற்று விடாமல் அடிக்கும் வாரங்களில் மட்டும் அவரை அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்று எண்ணுகிறேன். அங்கே இரவில் ஈரம் கூடுதலாக இருக்கும் என்பதால் ஓர் ஐயம்: எந்த அறையில் அவரைப் படுக்க வைப்பது?

திருவான்மியூர் கடற்கரைவாசி

தென்கிழக்கில் ஜன்னல் உள்ள அறையில் படுக்க வையுங்கள். கடற்காற்று மாலையில் கிழக்கிலிருந்து தென்கிழக்காகவும் தெற்காகவும் திரும்பி, இரவு வெகுநேரம் வரை அந்தப் பக்கமிருந்தே வரும். எதிர்ச்சுவரில் ஒரு கதவோ சாளரமோ திறந்திருக்க வேண்டும், இல்லையேல் காற்று உள்ளே நுழையாது. கட்டில் அந்த இரண்டு திறப்புகளுக்கும் நடுவே இருக்கட்டும். நள்ளிரவுக்குப் பின் காற்று ஓய்ந்தால் மின்விசிறியை நிறுத்தாதீர்கள்; ஈரக்குமிழ் 28ஐத் தாண்டி நிற்கும் இரவில் மட்டும் அறையை மூடிக் குளிர்சாதனத்தை ஓடவிடுங்கள்.